கரி எரியும் தூரம்

எரிய ஆரம்பிச்சிருச்சு. யாரும் சொல்ல வேண்டியதில்லை, காலுக்கே தெரியுது. ஆக்சிலேட்டர் மேல வெச்ச பாதத்துல பொடுசா ஒரு நடுக்கம், முன்னாடி ஃபேன் எச்சாச் சுத்துது, மைலேஜ் காட்டற நம்பர் பதினாறுல இருந்து மடமடன்னு எறங்குது. நீலம்பூர் தாண்டி நாலு கிலோமீட்டர், எப்பவும் இந்த எடத்துலதான். இந்த வண்டி சைலன்சருக்குள்ள சல்லடை மாதிரி ஒண்ணு இருக்குது. டீசல் புகையில வர்ற கரியை அது புடிச்சு வெச்சுக்கும். வீட்டுக்கும் கம்பெனிக்கும் கிளப்புக்கும்னு ஊருக்குள்ளயே உருட்டிட்டிருந்தா கரி சேர்ந்து அடைச்சுப் போகும், வண்டி இழுக்காது. அதனால பத்து நாளைக்கு ஒருக்கா அவினாசி ரோட்டுல ஏத்தி அரைமணி நேரம் எம்பதுல நிக்காம ஓட்டோணும், அப்பத்தான் சூடேறிக் கரி தானா எரிஞ்சு போகும். வண்டி வாங்குன அன்னைக்கே சர்வீஸ் சென்டர் தம்பி சொன்னான், "அண்ணா, எரிய ஆரம்பிச்சா நடுவுல மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க. முழுசா எரிஞ்சு முடியோணும்." அஞ்சு வருசமாச்சு, ஒருக்காக்கூட நடுவுல ஆஃப் பண்ணதில்ல. முதலாளி கோவர்த்தனன் சார் யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாரு, நாச்சிமுத்து கையில வண்டியைக் குடுத்துட்டா நாம மறந்துரலாம்னு. நல்ல பேருதான். அதை வெச்சுட்டு இனி என்ன பண்றது. திங்கக்கெழமை புது வண்டி வருது, கரண்டு வண்டி. இதை எடுத்துக்கிட்டு அதைக் குடுக்கறாங்க. அதுல கரியும் இல்ல, சல்லடையும் இல்ல, எரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நேத்து சாயங்காலம் சாவியைக் குடுக்கப் போனப்ப சார் சொல்றாரு, "நாளைக்குக் காலைல கடைசியா ஒருக்காப் போயி எரிச்சுட்டு வந்துருங்க நாச்சிமுத்து." குடுக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க சார்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. கேட்டு, ஆமா வேண்டாம் உடுங்கன்னு சொல்லிப்போட்டாருன்னா? சரிங்க சார்னு தலையை ஆட்டிப்போட்டு வந்துட்டேன்.

எம்பத்தி ரெண்டு. கொஞ்சம் கொறைக்கலாம். லாரிக்காரன் நடு லேனைப் புடிச்சுட்டு ஆடி அசைஞ்சு போறான், கெரகம், இவனெல்லாம் எங்க லைசென்ஸ் வாங்குனானோ. டீசல்னா இப்ப இவனுகளுக்குத்தான்னு ஆயிப்போச்சு. அன்னைக்குக் கல்யாண மண்டபத்துல டிரைவர்ங்க எல்லாரும் வேப்ப மரத்தடியில உக்காந்திருந்தோம், பன்னண்டு பேரு. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி அந்த மரத்தடியில நின்ன பெரிய வண்டி அத்தனையும் டீசல். பெட்ரோல் வண்டி வெச்சிருக்கற டிரைவரைப் பாத்துச் சிரிப்போம், உங்க முதலாளி பங்க்குக்கே வாடகை குடுக்கறாரான்னு. ஒரு டேங்க் அடிச்சா மெட்ராஸ் போயிட்டுத் திரும்பி சேலம் வரைக்கும் வரும், ஏத்தத்துல மிதிச்சா முதுகைப் புடிச்சு சீட்டோட அழுத்தும், அந்த இழுவைக்குத்தான் காசு. இப்ப மரத்தடியில நான் ஒருத்தன்தான் டீசல். "அண்ணன் வண்டி இன்னும் இருமுதாட்டிருக்குது"ன்னு ஒருத்தன். இன்னொருத்தன் சொல்றான், டெல்லிப் பக்கம் பத்து வருசமாயிருச்சுன்னா டீசல் வண்டியை ரோட்டுலயே உடறதில்லையாம். இந்த மாடல்ல கம்பெனிக்காரனே டீசலை நிறுத்திப்போட்டான். சாரோட மக நிவேதிதா லீவுக்கு வந்தப்ப பின்சீட்டுல உக்காந்துட்டு, "அப்பா, இன்னும் இந்தப் புகை வண்டியிலயா போயிட்டிருக்கீங்க"ன்னு ஒரே வார்த்தை. அடுத்த வாரம் ஷோரூமுக்குப் போனோம். அங்க ஒரு பொண்ணு எனக்குச் சொல்லித் தருது, "அண்ணா இதுல கியர் இல்ல, ஆயில் இல்ல, சத்தம் இல்ல." இன்ஜின் ஓடுதா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்னு கேட்டேன். சிரிக்குது. "எதுக்குண்ணா தெரியணும்?" வண்டிச் சத்தம் கேட்டுத்தான் ரசத்தை அடுப்புல வெப்பா என்ற மக. அதை எப்படிச் சொல்றது ஷோரூம்ல நின்னுட்டு.

தெரு முக்குல திரும்பறப்பவே அவளுக்குத் தெரிஞ்சுரும். மத்தியானம் சாரை வீட்டுல எறக்கி உட்டுட்டு, சோத்துக்கு ஒருமணி நேரம் இதே வண்டியில நான் பாட்டுக்கு எங்க வீட்டுக்குப் போவேன், சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவ அம்மா செத்துப் போனதுக்கு அப்புறம் தாரணிதான் சமையல். பன்னண்டாவது பரிச்சைக்கு ஒரு மாசம் இருக்கறப்ப அம்மா போயிட்டா, அதுக்கப்புறம் புள்ளை அழுததையே நான் பாத்ததில்ல, சமைச்சா, படிச்சா, காலேஜ் போனா. லீவு நாள்ல நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள தட்டு வெச்சிருக்கும். எப்படி அம்முணி தெரியும்னு கேட்டா, "உங்க வண்டி மட்டும் தனியாக் கேக்குமுங்கப்பா. பழைய வண்டி இருமும். இது கனைக்கும்"னு சொல்லுவா. ஆட்டோ போகுது, லாரி போகுது, மில் பஸ்ஸு போகுது, அத்தனைக்கு நடுவுல இந்த ஒண்ணு. ஒருக்கா வேணும்னே தெரு முக்குல ஆஃப் பண்ணிப்போட்டு நடந்து வந்தேன். வாசப்படியில நிக்கறா. ஏன் நின்னுபோச்சு, என்னாச்சுங்கப்பான்னு மூஞ்சியெல்லாம் வெளிறிப்போச்சு. வெளையாட்டுக்குன்னு சொன்னதும் ரெண்டு நாள் பேசல. ரெண்டு நாள்தான். மூணாவது நாள் அவளாத்தான் வந்து, காப்பி வேணுங்களான்னு கேட்டா. எத்தனை கோவம்னாலும் ரெண்டு நாள். அந்தப் போனுக்கு அப்புறந்தான் மூணு வருசம்.

கருமத்தம்பட்டி போர்டு. இன்னைக்கு அந்தப் போனைப் பத்தி நெனைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். பூமாலைக்காரன் ஒருத்தன் ரோட்டோரத்துல நிக்கறான், வெயில்ல மாலையெல்லாம் வாடிப் போகுமே, எவன் வாங்குவான். அந்தப் போன் வந்தப்பவும் வெயில்தான். ஏர்போர்ட்டுல இருந்து சாரும், பாம்பேயில இருந்து வந்த ரெண்டு பேரும் பின்னாடி. பம்ப்செட் யாவாரம், பெரிய ஆர்டர். என்ற போனை வண்டியோட சேர்த்து வெச்சிருந்தேன், ஓட்டறப்ப காதுல வெச்சுப் பேசக் கூடாதுன்னு சாரேதான் சேர்க்கச் சொன்னாரு. அழைப்பு வந்தா கண்ணாடிக்குக் கீழ இருக்கற பெரிய திரையில பேரு வரும், ஸ்டியரிங்ல ஒரு பட்டனை அமுத்துனா வண்டி பூராவும் பேசும். பதினாறு ஸ்பீக்கரு. அம்முணின்னு வந்துச்சு. வேலை நேரத்துல கூப்பிட மாட்டாளேன்னு பதறி அமுத்திப்போட்டேன். "அப்பா, நாளைக்குக் காலைல பத்தரைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸுங்க. ஸ்டீபனும் நானும். நீங்க வந்து நின்னாப் போதுமுங்கப்பா, வேற யாரும் எனக்கு வேண்டாம்." பதினாறு ஸ்பீக்கர்லயும். முன்னாடி, பின்னாடி, காலுக்குக் கீழ, எங்கிருந்தெல்லாமோ என்ற மக பேசறா. கண்ணாடியில சார் என்னைப் பாக்கறாரு. பாம்பேக்காரங்களுக்குத் தமிழ் தெரியாது, இருந்தும் பேச்சை நிறுத்திட்டாங்க. நான் சொன்னேன், "ராங் நம்பர்ங்க."

சொல்லிப்போட்டேன். அது வாய் தவறி வந்துச்சுன்னு வெச்சுக்கலாம். ஆனா அவ மறுபடியும், "அப்பா?"ன்னா. என்ற கொரலைத் தெரியாதவளா, தெரு முக்குல திரும்பற வண்டியையே தெரிஞ்சவ. அப்பக்கூட, வண்டியில ஆளு இருக்காங்க அம்முணி, அப்புறம் பேசறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில என்ன கொழக்கட்டையா வெச்சிருந்தேன். "இது ராங் நம்பர்"னு ரெண்டாந்தரம் சொல்லி, பட்டனை அமுத்திக் கட் பண்ணுனேன். மொதல் தடவை வெக்கம். ரெண்டாவது தடவை என்ன? மூணு வருசமா அந்த ரெண்டாவது தடவைதான் தொண்டையில நிக்குது. ஸ்டீபன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நல்ல பையன், பெருந்துறைப் பக்கம் வயரிங் வேலை, ஒருக்கா வீட்டுல ஃபேன் மாட்டிக் குடுத்துட்டு காசு வேண்டாங்க மாமான்னு சொல்லிட்டுப் போனான். மாமாங்கறானேன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சுது. சண்டை புடிச்சிருந்தேன்னா, வேண்டாம்னு கத்தியிருந்தேன்னா, ஒறம்பரை சொந்தபந்தத்துக்குப் பயந்தேன்னு சொல்லிக்கலாம், அதுக்கு ஒரு பேராச்சு இருக்குது. நான் கத்தவே இல்ல. யாரோ ஒருத்தின்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்குப் பீளமேடு தாண்டறப்ப சார், "ஏசியைக் கொஞ்சம் கொறைங்க நாச்சிமுத்து"ன்னாரு. அவருக்கு அந்தக் கொரல் தெரியும். வருசா வருசம் பொங்கலுக்கு வந்து அவரு கால்ல உழுந்து துணி வாங்கிட்டுப் போன புள்ளை. அதுக்கப்புறம் இத்தனை வருசத்துல தாரணி எப்படி இருக்கான்னு அவரு கேட்டதே இல்ல. மறுநாள் பத்தரைக்கு நான் வண்டி கழுவிட்டிருந்தேன். கழுவுன வண்டியையே மறுபடியும் கழுவுனேன்.

எம்பத்தி அஞ்சு. பின்னாடி எவனோ லைட் அடிக்கறான், போடா போ, நீ போயி எந்தக் கோட்டையைப் புடிக்கப் போற. இப்ப சூட்டு வாசம் வர ஆரம்பிச்சிருச்சு, அடுப்புல வெறும் தோசைக்கல்லு காயற வாசம், நல்லா எரியுதுன்னு அர்த்தம். இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிசம். அதுக்குள்ள டோல்கேட் வந்துரும். ரெண்டரை வருசத்துக்கு முன்னாடி ஒருக்கா இப்படிக் கரி எரிக்க வந்தப்பத்தான் பாத்தேன். ஆறாவது லேன். வண்டியில ஒட்டியிருக்கற டேக்கை மேல இருக்கற கேமரா படிக்கும், தானா காசு புடிச்சுக்கும், கட்டை தூக்கும், யாரும் யார் மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல. அன்னைக்குக் கட்டை தூக்கல. பூத்துக்குள்ள இருந்து ஒரு புள்ளை கை மெஷினை எடுத்துட்டு எறங்கி வருது, சட்டைக்கு மேல பச்சைக் கோட்டு, மூஞ்சியில பாதிக்கு மாஸ்க்கு. நடையைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, எடது காலை ஒரு நூலு வெளிய தள்ளி வெக்கற அவ அம்மா நடை. நான் கண்ணாடியை எறக்கல. நேராப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், பொம்மையாட்ட. அவ என்ற பக்கமா வந்து, கையை நீட்டி, முன் கண்ணாடியில மெஷினை வெச்சா. வளையல் கண்ணாடியில டிக்குனு பட்டுச்சு. மணிக்கட்டுல அந்தப் பழைய எண்ணெய்த் தழும்பு. அப்பளம் பொரிக்கறப்ப தெறிச்சது, நான்தான் மருந்து போட்டேன். அஞ்சு வினாடி, ஆறு வினாடி. அவ பூத்துக்குத் திரும்புனா. கட்டை தூக்குச்சு. போயிட்டேன்.

அதுக்கப்புறம் பத்து நாளைக்கு ஒருக்காங்கறது வாராவாரம்னு ஆயிப்போச்சு. சனிக்கெழமை காலைல பத்து மணிக்கு வந்தா அவ ஷிப்ட்டுல இருப்பா, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த லேன்ல டேக் படிக்காது, ஒவ்வொரு தடவையும் மெஷினோட எறங்கி வருவா. என்னடா கெரகம்னு ஆபீஸ்ல சொல்லி ரெண்டு தடவை புது டேக் வாங்கி ஒட்டுனேன். சேலத்துல படிக்குது, கிருஷ்ணகிரியில படிக்குது, இங்க மட்டும் படிக்க மாட்டேங்குது. படிக்காட்டிப் போகட்டும்னு மனசுக்குள்ள ஒரு சந்தோசம் வேற. போன வருசம் தை மாசம் எறங்கி வந்தப்ப பச்சைக் கோட்டுக்குப் பொத்தான் போடல. வயிறு. நான் பாத்ததை அவளும் பாத்தா. மெஷினை எப்பவும் வெக்கறதை விட எச்சு நேரம் கண்ணாடியில வெச்சிருந்தா. ஏழு மாசம் இருக்கும், பூ முடிச்சு வளையல் போடோணும், அதுக்கெல்லாம் பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும். நான் அங்க பொறந்த வீடு பூராத்தையும் சீட் பெல்ட்டுல கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்புறம் ஆறு மாசம் அவ வரல. வேற ஒரு பையன் இருந்தான். அந்த ஆறு மாசமும் டேக் ஒழுங்காப் படிச்சுது, கிட்டப் போகும்போதே கட்டை தூக்கிரும், மெஷினை மாத்திட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அவ திரும்பி வந்த அன்னைக்கு மறுபடியும் கோளாறு. வயிறு இல்ல. ஆள் எளைச்சிருந்தா. பையனா, பொம்பளப் புள்ளையா? நல்லா இருக்குதா? பேரு என்ன வெச்சீங்க? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லாத்தையும் கேட்டேன். உதடுகூட அசையல.

பஸ்ஸுல வந்திருக்கலாமே. யாராச்சும் கேப்பாங்க, அவனவன் கேக்கறதுதான். ஞாயித்துக்கெழமை லீவு, காந்திபுரத்துல பஸ் ஏறுனா முக்கால் மணி நேரம், டோல்கேட்டுக்கு முன்னாடி எறக்கி உடுவான். எறங்கி? பஸ்ஸுல வந்தா மகளைப் பாக்கறதுக்குன்னு வந்த மாதிரி ஆயிரும். பாத்து, அவ எங்கிட்ட ராங் நம்பர்னு சொல்லிப்போட்டாள்னா? வண்டியில வந்தா நான் வேலைக்கு வந்தவன். கரி எரிக்க வந்தவன். ஓரமா நிறுத்தக் கூடாதாய்யான்னு கேட்டா அதுக்கும் பதில் இருக்குது. எரிஞ்சுட்டிருக்கறப்ப ஆஃப் பண்ணக் கூடாது. சர்வீஸ் சென்டர்ல சொல்லியிருக்காங்க. எத்தனை வசதி பாரு நாச்சிமுத்து உனக்கு. ரெண்டரை வருசமா அந்த ஒரு வரியைப் புடிச்சுட்டு ஓட்டிட்டே. இனி அந்த வரியும் கெடையாது, எரிக்கற வேலையும் கெடையாது, வெள்ளைக் கரண்டு வண்டி ஊருக்குள்ளயே சத்தமில்லாமச் சுத்தும், ராத்திரி போர்ட்டிகோவுல வயரை மாட்டிக்கிட்டுத் தூங்கும். இந்த ரோட்டுக்கு அதைக் கொண்டு வரதுக்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. சாருக்கு இதெல்லாம் தெரியுமோ? வேண்டாத வண்டிக்கு எதுக்குக் கடைசியா ஒருக்கான்னாரு? நடுவுல ரெண்டு தடவை ஈரோடு போனாரே, அப்ப ஆறாவது லேன்ல போங்கன்னு அவரேதானே சொன்னாரு. அடச்சீ, எல்லாத்துக்கும் அர்த்தம் கண்டுபுடிச்சுட்டு. ரோட்டைப் பாரு.

காலைல கெளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு கூத்து. வண்டியில சேர்த்து வெச்ச போன் எல்லாத்தையும் அழிச்சுருங்க, வேற யார் கைக்கோ போகுதில்லன்னு சார் சொல்லியிருந்தாரு. அந்தப் போனுக்கு அடுத்த நாளே என்ற போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணினவன், இன்னைக்குத்தான் ஆன் பண்றேன். திரையில லிஸ்ட்டு வருது, சார் பேரு, மேடம் பேரு, கீழ என்ற பேரு. அழிக்கறதுக்குன்னு தொட்டேன், கண்ணாடி போடாம எந்தப் பட்டனைத் தொட்டனோ, அது சேர்ந்துக்கிச்சு. சேர்ந்து, நம்பரெல்லாம் திரையில வந்து நிக்குது. அகர வரிசை. மொதல்ல அம்முணி. பெரிய எழுத்துல, அந்தத் திரை பூராவும். ஷெட்டுக்குள்ள தனியா உக்காந்துட்டு அதையே பாத்துட்டிருந்தேன். தொட்டாப் போதும், வண்டி பூராவும் அடிக்கும். தொடல. அழிக்கவும் மனசு வரல. திரும்பி வந்து அழிச்சுக்கலாம்னு அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்.

வந்திருச்சு. தகரக் கூரை, சிவப்பு லைட்டு, பச்சை லைட்டு. நாலாவது லேன் காலியாத்தான் இருக்குது. ஆறுல ரெண்டு வண்டி நிக்குது. ஆறுக்கே போறேன். முன்னாடி போற காருக்குக் கட்டை ஒரே வினாடியில தூக்குச்சு. அடுத்தவனுக்கும். இப்ப நான். கட்டை எறங்கி நிக்குது. மேல கேமரா. இன்ஜின் நின்ன எடத்துல கனைக்குது, ஃபேன் பேயாட்டச் சுத்துது, பூத்துக் கண்ணாடிக்குப் பின்னாடி பச்சைக் கோட்டு எந்திரிக்குது. அப்பத்தான் டிங்குனு வண்டி பூராவும் ஒரு சத்தம், திரையில மெசேஜ். வழக்கமா டோல் தாண்டி எங்கியோ போனப்புறம் பாக்கெட்டுல அடிக்கும், எடுத்தே பாக்க மாட்டேன். இன்னைக்குக் கண்ணு முன்னால நிக்குது. வண்டி நம்பர், டோல்கேட் பேரு, காசு புடிச்சாச்சு, மணி பத்து பன்னண்டு. திரை மூலையில கடியாரத்தைப் பாத்தேன். பத்து பன்னண்டு. காசு புடிச்சாச்சு. டேக் படிச்சாச்சு. அவ மெஷினை எடுத்துட்டு இப்பத்தான் படியில எறங்கறா. எடது கால் ஒரு நூலு வெளிய. அந்த ஆறு மாசம் படிச்சுதே. சேலத்துல படிச்சுதே. கட்டையைத் தூக்கற பட்டன் பூத்துக்குள்ள அவ கையிலதானே இருக்குது. ஐயோ, நான் ரெண்டு தடவை டேக்கை மாத்துனனே. அம்முணி.

வளையல் டிக்குனு பட்டுச்சு. கண்ணாடியை எறக்குனேன். ரெண்டரை வருசத்துல மொதல் தடவை. வெயிலும் டயர் வாசமும் உள்ள வந்துச்சு. அவ மெஷினைப் பாத்துட்டே இருந்தா, என்னைப் பாக்கல.

"டேக் ரீட் ஆகலீங்க."

"ஆகலீங்களா?"

"ஆகலீங்க."

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்க."

வெச்சா. பின்னாடி ஈரோட்டு பஸ்காரன் ஹாரனை அமுத்திப் புடிக்கறான். கேக்கோணும், பையனா புள்ளையான்னு கேக்கோணும், அன்னைக்கு வண்டியில ஆளு இருந்தாங்க அம்முணின்னு சொல்லோணும், அதுவும் பொய்யி, ஆளு இருந்ததுக்காகப் பெத்த மகளை யாருன்னு கேப்பானா ஒருத்தன். வாயைத் தொறந்தா வேற என்னமோ வருது.

"திங்கக்கெழமை வண்டி மாறுதுங்க. டீசல் இல்ல. கரண்டு வண்டி. சத்தமே இருக்காது."

மெஷின் கண்ணாடியிலயே நின்னுச்சு. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் திரும்பி என்னைப் பாத்துச்சு. என்னைத்தான்.

"என்ன கலருங்க?"

"வெள்ளை."

"வெள்ளை ஒரு நாளைக்கு ஆயிரம் வருமுங்க." அதை அவ எனக்குச் சொல்லல, மெஷினுக்குச் சொல்றாப்ல சொன்னா. "நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?"

பஸ்காரன் ஹாரனோட தலையை வெளிய நீட்டித் திட்டறான். அவ திரும்பி ஓடுனா. கட்டை தூக்குச்சு. கால் தானா அமுத்திருச்சு, இருவத்தாறு வருசப் பழக்கம், கட்டை தூக்குனா போறது. நாப்பது, அம்பது. திரும்பி வர்ற லேன் அந்தப் பக்கம், அவ பூத்து அங்கிருந்து தெரியாது. எரிச்சு முடிக்க இன்னும் பத்து நிமிசம் இருக்குது, அவினாசி வரைக்கும் போகோணும், நடுவுல ஆஃப் பண்ணக் கூடாது, சர்வீஸ் சென்டர்ல. நடுவுல ஆஃப் பண்ணா என்ன ஆகும்? சல்லடை கெட்டுப் போகும். போகட்டுமே. வண்டியே போகுது. ரோட்டோரத்துல எளநி வண்டி, அதுக்குப் பக்கத்துல ரெண்டு லாரி. இண்டிகேட்டர் போட்டேன். ஓரங்கட்டுனேன். இன்ஜின் பட்டன் மேல வெரலை வெச்சேன். அஞ்சு வருசத்துல ஒருக்காக்கூட பண்ணாத வேலை. அமுத்துனேன்.

கனைப்பு நின்னுச்சு. ஃபேன் மட்டும் ஏன் நிறுத்துனேன்னு கேக்கறாப்ல தனியாச் சுத்துது. கதவைத் தொறந்து எறங்குனேன். எளநிக்காரன் அண்ணா ஒண்ணு வெட்டட்டுங்களான்னு கேக்கறான், கையை மட்டும் ஆட்டுனேன். ரோட்டோரமா டோல்கேட்டைப் பாத்து நடக்கறேன். பையனா புள்ளையா அம்முணி. இதைத்தான் மொதல்ல கேக்கோணும், மன்னிப்பெல்லாம் அப்புறம். பையனா புள்ளையா. திட்டுனாலும் சரி, யாரு நீங்கன்னு கேட்டாலும் சரி, நின்னு கேட்டுட்டுத்தான் போவேன். லாரி ஒண்ணு புழுதியைக் கெளப்பிட்டுப் போகுது, கண்ணைத் தொடைச்சுட்டுப் பாத்தேன். ஆறாவது லேன்ல வண்டி ஒண்ணும் இல்ல. கட்டை எறங்கி இருக்குது. அவ பூத்தை உட்டு வெளிய வந்து ரோட்டு மேல நின்னுட்டு இந்தப் பக்கமே பாக்கறா. கையில மெஷின் இல்ல.